ஒற்றைத் தோமான் மஹர்

அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவள் கதை ஊருக்கே தெரியும். அய்யூப் அரசனை நம்பிப் பெண்டாட்டியைக் கைவிட்டவன். அந்த அரசன் செத்துப்போய் இருநூறு வருடம் ஆகப்போகிறது என்பதுதான் ரெய்ஹானேவுக்குத் தாங்க முடியாத அவமானம். உயிரோடு இருக்கிற ஒருத்தியிடம் புருஷனைப் பறிகொடுத்திருந்தால், போய் வாசலில் நின்று நாலு வார்த்தையாவது கேட்டிருக்கலாம்.

அரசன் பெயர் ஃபத் அலி ஷா, ஒருகாலத்தில் ஈரானை ஆண்டவர். இடுப்புவரை தாடி. தோமான் என்கிற பழைய தங்கக் காசு ஒன்றில், சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதான வட்டத்துக்குள், குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். ஷாவின் பெயரை மட்டும் எழுத்தில் அடித்த தோமான்கள் தேடினால் கிடைக்கும். ஷாவே குதிரையோடு இருக்கிற தோமான் லேசில் கிடைக்காது. கோய் நகரத்துக் கடைத்தெருவில் சூரியகாந்தி விதை விற்கிற அய்யூப், தகப்பன் விட்டுப்போன வாதுமைத் தோப்பை விற்று அதை வாங்கினான். நீல வெல்வெட் பெட்டியில் வைத்து, தினமும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போவான். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், குரலைக்கூட உயர்த்த மாட்டான். தங்கமான மனுஷன் என்று ஊர் சொல்லும். ஊர் அவனோடு குடித்தனம் நடத்தவில்லையே.

கல்யாணத்துக்கு முன் மஹர் பேசிய நாள் ரெய்ஹானேவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தப் பக்கத்தில் மஹர் என்றால், மாப்பிள்ளை பெண்ணுக்கு எழுதித் தரும் தங்கக் காசுகளின் எண்ணிக்கைதான். பெண் வீட்டார் நூற்றுக்கணக்கில் கேட்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு யாராவது ஒரு பெரியவர், “அட எழுதுங்கப்பா, மஹரை யார் குடுத்தா, யார் வாங்கினா?” என்று சிரிப்பார், எல்லோரும் சிரிப்பார்கள், எழுதிவிடுவார்கள். மனைவி எப்போது கேட்டாலும் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். மானமுள்ளவள் கேட்க மாட்டாள் என்பது வழக்கம்.

அன்றைக்கு அய்யூப் எழுந்து சொன்னான்: “ஐந்நூறு காசுன்னு எழுதிட்டுக் கடைசிவரைக்கும் குடுக்காம இருக்கறதுக்கு எனக்கு இஷ்டமில்ல மாமா. என்கிட்ட ஒண்ணே ஒண்ணு இருக்கு. அதுதான் என் உயிர். அதை எழுதிக்கோங்க.”

ரெய்ஹானேவின் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெண்ணை வைத்துப் பேரம் பேசுவது அவருக்கு எப்போதுமே கூச்சம். “மாப்பிள்ளை உயிரையே எழுதித் தர்றாரு, இதுக்கு மேல என்ன வேணும்?” என்றார். ஒரு குர்ஆன், ஒரு கண்ணாடி, இரண்டு மெழுகுவர்த்தித் தாங்கிகள், ஒரு கற்கண்டுக் கொத்து, குதிரைமேல் இருக்கும் ஃபத் அலி ஷாவின் தங்கத் தோமான் ஒன்று. மஹர் அவ்வளவுதான். கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட ரெய்ஹானேவுக்குத் தலைகால் புரியவில்லை. அவன் பொய் சொல்லவில்லை. உயிர் என்று சொன்னது உயிர்தான். அது எவ்வளவு உண்மை என்று அப்போது அவளுக்குத் தெரியாது, பாவம்.

மகள் ஸெவில் பிறந்து பேச ஆரம்பித்ததும் அவளும் அந்தப் பெட்டிக்கு ரசிகையாகிவிட்டாள். வெள்ளிக்கிழமை தோறும் அப்பாவும் மகளும் ஜன்னலோரம் உட்கார்வார்கள். பூதக்கண்ணாடி மகள் கையில், கதை அப்பா வாயில். எத்தனை முறை சொன்னாலும் அதே கதைதான்.

“ரஷ்யாக்காரன்கிட்ட நாம ரெண்டு தடவை தோத்தோம். துர்க்மன்சாய்ங்கற கிராமத்துல கையெழுத்துப் போட்டாங்க. அபராதம் எவ்வளவு?”

“பத்துக் குரூர்!”

“ஒரு குரூர்னா?”

“அஞ்சு லட்சம் தோமான்!”

“என் செல்லமே. அவ்வளவு தங்கத்துக்கு எங்க போறது? அரண்மனை மெழுகுவர்த்தித் தாங்கியை உருக்குனாங்க. அந்தப்புரத்துப் பொண்ணுங்களோட சட்டைப் பொத்தானைக்கூட விடல. பணம் வர்ற வரைக்கும் அடமானமா ரஷ்யாக்காரன் எந்த ஊரைப் பிடிச்சு வெச்சுக்கிட்டான்?”

“நம்ம ஊரை!”

“நம்ம கோயை. அப்ப உன் கொள்ளுப்பாட்டியோட பாட்டிக்கும் பாட்டி, கையில இருந்த ரெண்டு வளையலையும் கழட்டிக் குடுத்தா. அந்த வளையல் இதுக்குள்ள இருக்கு.”

இந்த இடத்தில் ஸெவில் நாணயத்தின் விளிம்பைத் தொட்டுப் பார்ப்பாள். தெஹ்ரானிலிருந்து ஒருமுறை வந்த சேகரிப்பாளர் ஒருவர், இந்தக் குதிரைத் தோமான் பரிசு கொடுக்க அடித்ததாகத்தான் இருக்கும், அபராதத்துக்குப் போனது சாதாரணத் தோமான்தான் என்று சொல்லிப் பார்த்தார். அய்யூப் அவருக்கு இரண்டாவது கோப்பைத் தேநீர் கொடுக்கவில்லை.

வெங்காயம் நறுக்கிக்கொண்டே ரெய்ஹானே உள்ளேயிருந்து சொல்வாள்: “சண்டையில தோத்தது ஆம்பளைங்க. வளையலைக் கழட்டினது பொம்பளைங்க. ஆனா குதிரை மேல ஏறி உக்காந்தது யாருன்னு உங்கப்பாவைக் கேளுடி.”

“உங்கம்மா சரித்திரப் பரீட்சையில பாஸ்,” என்பான் அய்யூப். மூவரும் சிரிப்பார்கள். சிரித்த நாட்களும் இருந்தன, இல்லையென்று சொல்ல முடியாது.

பிறகு அந்தக் குளிர்காலத்து நிலநடுக்கம் வந்தது. ரெய்ஹானே ரொட்டிக் கடை வரிசையில் நின்றிருந்தாள். தரை ஆடியதும் ரொட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். வாசலில், பனியில், காலில் செருப்புகூட இல்லாமல் ஸெவில் தனியாக நின்றிருந்தாள். அவளை வாரி எடுத்துப் போர்வைக்குள் சுற்றிய பிறகுதான் அய்யூப் படியிறங்கி வந்தான். நெஞ்சோடு அணைத்தபடி நீலப் பெட்டி.

ஸெவிலுக்கு ஒரே பெருமை. “அப்பா என்னை நம்பினாரும்மா! ‘நீ ஓடு, உனக்கு வழி தெரியும்’னு சொன்னாரு. நானே தனியா இறங்கிட்டேன்!”

ரெய்ஹானே எதுவும் பேசவில்லை. பேசினால் குழந்தையிடமிருந்து எதையோ பிடுங்கியதாக ஆகிவிடும் என்று தோன்றியது. அந்த வாயடக்கத்தைக் கடைசிவரை காப்பாற்றியிருக்கலாம்.

சுவரில் விரிசல் விட்டிருந்தது. பழுதுபார்க்க என்று வந்த நிவாரணக் கடனை எடுத்துக்கொண்டு அய்யூப் தப்ரீஸுக்குப் போனான். சிமெண்டோடு வருவான் என்று பார்த்தால், கோய் நகர நாணயச் சாலையிலேயே அடித்த வேறொரு பழைய நாணயத்தோடு வந்தான். “நம்ம ஊர்லயே அடிச்சது, விட்டா போயிடும்,” என்றான். விரிசலில் துணியைச் சுருட்டி அடைத்துக்கொண்டு அந்தக் குளிர்காலத்தை ஓட்டினார்கள். மார்ச் பிறக்குமுன் ஸெவிலுக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் படுத்தாள். அய்யூப் பார்க்க வந்தான். பழம் வாங்கி வரவில்லை, பெட்டியைக் கொண்டு வந்தான். “இதைப் பாத்தா சந்தோஷப்படுவா,” என்றான். அவன் சொன்னது சரிதான், மூச்சு வாங்க வாங்கக் குழந்தை சிரித்தாள். ரெய்ஹானே எழுந்து தாழ்வாரத்துக்குப் போய்ச் சுவரில் முகத்தை வைத்து அழுதாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அண்ணன் பாபெக் வீட்டுக்குப் போனாள். திரும்பிப் போகவில்லை.

வாடகைக் கார் ஓட்டுகிற பாபெக் நல்லவன், ஆனால் வாய் சும்மா இருக்காது. “போனவ போனபடியே இரு, ரெண்டு வேளைச் சோறு எனக்குப் பாரமில்ல. ஆனா ஸெவிலுக்கு ஏழு முடிஞ்சிடுச்சு. ஏழு முடிஞ்சா பிள்ளை அப்பன்கிட்ட. சட்டம் அதுதான்.”

அதுதான் ரெய்ஹானேவின் பயம். விவாகரத்து என்று தொலைபேசியில் சொன்னபோது அய்யூப் கோபப்படவேயில்லை. “உனக்கு வேணும்னா வாங்கிக்கோ. பொண்ணு இங்க வந்துடுவா, இல்லையா?” என்றான், மழை வருமா என்று கேட்கிற குரலில். அந்த விரிசல் விட்ட வீட்டில், துணி அடைத்த சுவருக்குப் பக்கத்தில், பூதக்கண்ணாடியோடு ஸெவில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தால் ரெய்ஹானேவுக்குத் தூக்கம் வரவில்லை. அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம். பெண் வேண்டும், அவ்வளவுதான்.

“எல்லாப் பொம்பளையும் சொல்றதைச் சொல்லிட்டு வந்துடு,” என்றான் பாபெக். “‘மஹர் உனக்கே ஆகட்டும், என் உயிரை விட்டுடு’ன்னு. விடுதலையாவது கிடைக்கும்.”

“விட மாட்டேன். மஹரைக் கேக்கப்போறேன்.”

“என்னது?”

“அந்தத் தோமானைக் கேக்கப்போறேன். சட்டப்படி.”

பாபெக் தேநீரை வைத்துவிட்டு அவளையே பார்த்தான். “நம்ம வீட்ல எவ கேட்டிருக்கா? ஊரு என்ன சொல்லும்?”

“ஊரு என் பொண்ணை வளர்க்கப் போகுதாண்ணே?”

அடுத்த குளிர்காலத்தில் நீதிமன்றத்திலிருந்து நோட்டீஸ் போன அன்றே அய்யூப் பாபெக் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டான். தலை கலைந்திருந்தது, சட்டைக் காலர் ஒரு பக்கம் மடிந்திருந்தது. ரெய்ஹானேவைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தான். அத்தனை வருடத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. அவன் தாயை அடக்கம் செய்த அன்றுகூட அழவில்லை.

“ரெய்ஹானே, வீட்டை எடுத்துக்கோ. கடையை எடுத்துக்கோ. அதை மட்டும் கேக்காதே.”

“வீடும் கடையும் நீங்களே வெச்சுக்கோங்க. எனக்கு ரெண்டு கையெழுத்துதான் வேணும். ஒண்ணு எனக்கு விடுதலை. இன்னொண்ணு ஸெவிலுக்கு. போட்டா உங்க ஷாவை நான் தொட மாட்டேன்.”

அய்யூப் மூக்கைத் துடைத்துக்கொண்டான். “பதிவு ஆபீஸ் ஹாஜி ஆகா முன்னாடி பேசிக்கலாம்,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். ஸெவில் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அவள் எப்படியிருக்கிறாள் என்று அவன் கேட்கவில்லை.

பாபெக்குக்கு நம்பிக்கையில்லை. “பொண்ணை விட மாட்டான் பாரு. எந்த அப்பன் விடுவான்? இழுத்தடிப்பான். நாம எதையெதை விட்டுக்குடுக்கலாம்னு இப்பவே யோசிச்சு வெச்சுக்கணும்,” என்றான். ஜீவனாம்சம் வேண்டாம், சீர்வரிசையில் கொண்டுபோன கம்பளம் வேண்டாம், குளிர்சாதனப் பெட்டி வேண்டாம் என்று இருவரும் ஒவ்வொன்றாகத் தலைமுழுகினார்கள். வெள்ளிக்கிழமைதோறும் பெண்ணை அனுப்புகிறேன் என்று சொல்லவும் ரெய்ஹானே தயாராக இருந்தாள்.

ஆனால் அவள் மனதின் அடியில் வேறொன்றும் இருந்தது. அதை அண்ணனிடம் சொல்லவில்லை. அவன் ஒருமுறை, ஒரே ஒருமுறை, ‘முடியாது, அவ என் பொண்ணு’ என்று சொல்ல வேண்டும் என்று அவள் ஏங்கினாள். சொன்னால் அவள் பாடு ஆபத்துதான். இருந்தாலும் சொல்ல வேண்டும். அந்தக் குழந்தை பனியில் வெறுங்காலோடு நின்றதற்கு அந்த ஒரு வார்த்தையாவது கூலியாகக் கிடைக்கட்டுமே என்று நினைத்தாள்.

பதிவு அலுவலகத்துக்குப் போகிற நாள் குளிர் அதிகம் என்று பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். பாபெக்கின் மனைவி தாய் வீட்டுக்குப் போயிருந்ததால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அப்பா வருகிறார் என்று கேட்டதும் ஸெவில் மஞ்சள் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிட்டாள்.

“நீ வெளிய தாழ்வாரத்துல மாமாகூட உக்காந்திருக்கணும். உள்ள வரக் கூடாது. சரியா?”

“சரிம்மா. ஆனா அப்பா என்னைப் பாப்பாருல்ல?”

தாழ்வாரத்தில் அடுப்பு மூட்டியிருக்கவில்லை. பதிவு அலுவலகத்து ஹாஜி ஆகா, வெள்ளைத் தலைப்பாகை கட்டிய வயசான மனுஷர், கதவைத் திறந்ததும் குழந்தை கையை ஊதிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டார். “இந்தக் குளிர்ல புள்ளையை ஏம்மா வெளிய நிறுத்தியிருக்கீங்க? உள்ள கூட்டிட்டு வாங்க,” என்று அவரே கையைப் பிடித்து அழைத்துப்போய் அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்தார். ரெய்ஹானே வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அய்யூப் வந்துவிட்டான், ஸெவில் ஓடிப்போய் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவன் அவள் தலையைத் தடவினான், தேநீரோடு வந்த சர்க்கரைக் கட்டி ஒன்றை அவள் வாயில் போட்டான். அவள் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

ஹாஜி ஆகா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொன்னார்: “தங்கச்சி மஹரை விட்டுக்குடுக்கிறா. அதுக்குப் பதிலா விவாகரத்து. பொண்ணோட பொறுப்பு முழுக்க முழுக்க அம்மாவுக்கு. அய்யூப், இது சின்ன விஷயமில்ல. நல்லா யோசிச்சு—”

“சரி ஹாஜி ஆகா. எழுதுங்க,” என்றான் அய்யூப்.

நிக்காஹ்வில் மணப்பெண்கூட முதல் தரம் கேட்டதும் சம்மதம் சொல்ல மாட்டாள். பூப்பறிக்கப் போயிருக்கிறாள் என்பார்கள், பன்னீர் கொண்டுவரப் போயிருக்கிறாள் என்பார்கள், மூன்றாம் தரம் கேட்ட பிறகுதான் சரி என்பாள். இவன் முதல் தரமே சொன்னான். பேச்சை முடிக்கக்கூட விடவில்லை.

ஹாஜி ஆகாவுக்கே பொறுக்கவில்லை. “நான் சொல்றது காதுல விழுந்துச்சா? பொண்ணுப்பா. நாளைக்கு வந்து ‘எனக்கு வேணும்’னு நிக்க முடியாது.”

“புரியுது. பொண் குழந்தை அம்மாகிட்டதானே இருக்கணும். அதுதான் முறை.” அய்யூப் நாற்காலியில் முன்னால் நகர்ந்தான். “ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். அந்தத் தோமான் மேல இனி இவளுக்கோ, நாளைக்கு ஸெவிலுக்கோ எந்தப் பாத்தியதையும் கிடையாதுன்னு சேத்து எழுதிடுங்க.”

ஹாஜி ஆகா பேனாவைக் கீழே வைத்தார்.

“பெத்த பிள்ளைக்கு அப்படியெல்லாம் எழுத முடியாதுப்பா,” என்றார் ஹாஜி ஆகா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

“அய்யூப்,” என்றாள் ரெய்ஹானே. தோற்றவள் குரல் மாதிரி இருந்தது. “பொண்ணு இங்கதான் உக்காந்திருக்கா.”

அவன் திரும்பி மகளைப் பார்த்தான். ஏதோ நினைவு வந்தவன்போல முகம் மலர்ந்தது. கோட்டுப் பைக்குள் கையை விட்டு நீலப் பெட்டியை எடுத்துத் திறந்து அவள் முன் நீட்டினான்.

“பாத்தியா கண்ணு? எங்கயும் போகல. நம்மகிட்டதான் இருக்கு.”

அவனுக்கு அதில் கள்ளமில்லை. அவள் இத்தனை நாளும் பயந்து போயிருப்பாள், பார்த்தால் நிம்மதியாக இருக்கும் என்று உண்மையாகவே நினைத்தான். அதுதான் கொடுமை. அயோக்கியனாக இருந்திருந்தால் குழந்தை ஒருநாள் வெறுத்தாவது தேறியிருப்பாள்.

ஸெவில் நாணயத்தைப் பார்த்தாள். எப்போதும்போல விளிம்பைத் தொடவில்லை. வாயில் இருந்த சர்க்கரையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, விருந்தாளியிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னாள்:

“பத்திரமா வெச்சுக்கோங்கப்பா.”

கையெழுத்துகள் ஆயின. அய்யூப் பேனாவை மூடி ஹாஜி ஆகாவிடம் நன்றி சொல்லிவிட்டு, கடை திறக்க வேண்டும் என்று கிளம்பினான். படியில் அவன் வேகமாக இறங்கும் சத்தம் கேட்டது. ரெய்ஹானே கேட்டதெல்லாம் கையில் இருந்தது. காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு மகளின் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

காரில் பாபெக் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தான். “ஜெயிச்சுட்டேடி தங்கச்சி! நான் ஆறு மாசம் இழுப்பான்னு நினைச்சேன். கம்பளத்தைக்கூட விட்டுக்குடுக்க வேண்டியிருக்கலையே! இன்னைக்கு ராத்திரி கபாப் என் செலவு.” கண்ணாடியில் பின்னிருக்கையைப் பார்த்தான். சிரிப்பை நிறுத்திவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

ரெய்ஹானே மகளைத் தன் பக்கம் இழுத்து அணைத்தாள். பிள்ளை விறைத்துப்போய் இருந்தாள். அழவில்லை. அழுதால் துடைத்துவிடலாம், சமாதானம் சொல்லலாம், மடியில் போட்டுத் தட்டலாம். எல்லாவற்றுக்கும் தாய் தயாராக இருந்தாள்.

“அம்மா.”

“சொல்லுடா.”

“அப்பாகிட்ட அதைக் கேட்டது நீதானே? தோமானா, நானான்னு?”

“உன்னை என்கூட வெச்சுக்கணும்னுதான் கண்ணு. அதுக்கு வேற வழி இல்ல.”

“நான் உன்கூட இருந்தாலும் அப்பாகூட இருந்தாலும் ஒண்ணுதான்னு நினைச்சுட்டிருந்தேன்.” ஸெவில் தாயின் கையை மெதுவாக எடுத்து இருக்கையில் வைத்தாள். “நீ ஏம்மா கேட்டே? நீ கேக்காம இருந்திருந்தா எனக்குத் தெரியாமலே போயிருக்கும்ல.”